பறவை எடுத்துப் பழகிய கைக்குப் போர் விமானம் வசப்படுமா?

கோத்தகிரி ஒளிப்படக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். பதினைந்து ஆண்டுகளாகப் பறவைகளை எடுத்துவருகிறேன். வயிற்றுக்குக் கல்யாணப் படம், மனத்துக்குக் கோடநாடு காட்சிமுனை. வரும் அக்டோபரில் மூன்று வாரம் அமெரிக்காவில் வர்ஜீனியா பீச் நகரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறேன். அவள் வீட்டுக்குப் பக்கத்தில்தான் ஓஷியானா கடற்படை விமானதளம் இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் அட்லாண்டிக் பகுதி சூப்பர் ஹார்னெட் போர் விமானங்களுக்கு அதுதான் தாய்வீடு. மாப்பிள்ளை தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போதே, "ஒரு நிமிடம் பொறுங்கள் மச்சான், விமானம் போகட்டும்" என்று பேச்சை நிறுத்திவிடுவார். அந்த இரைச்சலைக் கேட்டுக் கேட்டே எனக்கு ஆசை வந்துவிட்டது.

என்னிடம் 150-600 லென்ஸ் இருக்கிறது. பறவைகளுக்குப் பழகிய கை இதற்கு உதவுமா? போவதற்கு முன் பயிற்சி எடுக்க நினைக்கிறேன். சூலூர் விமானப்படைத் தளம் மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான். மதில் ஓரமாக இரண்டு நாள் நின்று தேஜஸ் போர் விமானத்தை எடுத்துப் பார்க்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


கூடலூர் பறவைநோக்கி:

கை கட்டாயம் உதவும். 2025 பிப்ரவரியில் பெங்களூரு யெலஹங்காவில் நடந்த ஏரோ இந்தியா விமானக் கண்காட்சிக்குப் போய்வந்தேன். பறவைக்காரர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. பறவை எந்தக் கிளைக்குத் தாவும் என்று யாருக்கும் தெரியாது, விமானம் ஓடுதளத்தை விட்டு வேறு எங்கும் இறங்காது. நமக்குப் பழக்கமில்லாத விஷயம் அதன் அளவு. இருநூறு மீட்டரில் வரும்போது படச்சட்டத்துக்குள் அழகாக இருக்கும். அடுத்த நொடியில் மூக்கும் வாலும் வெளியே போய்விடும். முதல் நாள் நான் எடுத்ததில் பாதி, வால் வெட்டுப்பட்ட படங்கள்.

ஷட்டர் வேகத்தை 1/1600 நொடிக்குக் கீழே இறக்காமல் தொடங்குங்கள். வெளிறிய வானத்தின் முன் சாம்பல் நிற விமானம் வந்தால் கேமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கிவிடும். முக்கால் புள்ளியிலிருந்து ஒரு புள்ளி வரை ஒளியைக் கூட்டி வையுங்கள். காலை எட்டு மணிக்கு மேல் ஓடுதளத்தின் கான்கிரீட் சுடத் தொடங்கினால் கானல் எழும். பல லட்சம் ரூபாய் லென்ஸ் வைத்திருப்பவரின் படமும் தண்ணீருக்குள் தெரிவதுபோல்தான் வரும். தொலைவில் இருக்கும் விமானத்தை விட்டுவிட்டு, பக்கத்தில் வருவதை மட்டும் எடுங்கள்.

சூலூர் பற்றி எனக்குத் தெரியாது. அரவேணு ஐயா பதில் சொல்லட்டும்.


அரவேணு முன்னாள் கடற்படை:

தம்பி, முதலில் சூலூர். வேண்டாம். அந்த எண்ணத்தை இன்றே விட்டுவிடுங்கள்.

நம் நாட்டில் படைத்தளங்கள் 1923-ஆம் ஆண்டு அலுவல்முறை இரகசியச் சட்டத்தின்படி தடைசெய்யப்பட்ட இடங்கள். உள்ளே நுழைந்தால்தான் குற்றம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அருகில் நடமாடுவதையும் அந்தச் சட்டம் பேசுகிறது. உங்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அதைக் காவல் நிலையத்தில் உட்கார்ந்து விளக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். அரக்கோணத்தின் ராஜாளி, உச்சிப்புளியின் பருந்து, கொச்சியின் கருடா, எல்லாக் கடற்படைத் தளங்களுக்கும் இதேதான். கோவாவின் டபோலிமில் பயணிகள் விமானமும் கடற்படை விமானமும் ஒரே ஓடுதளத்தில்தான் இறங்குகின்றன. அங்கே இறங்கும்போது ஜன்னல் வழியாகக்கூடப் படம் எடுக்கக் கூடாது.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். நான் டபோலிமில் ஹம்சா தளத்தில் சீ ஹாரியர் விமானங்களில் பராமரிப்புப் பணி செய்தவன். வெள்ளைப்புலிகள் என்று அழைக்கப்பட்ட 300-ஆம் அணி. 2016-இல் அவை ஓய்வுபெற்றன. ஹாரியர் அந்தரத்தில் நின்று செங்குத்தாக இறங்கும், அது தனிக் கதை. மற்ற கடற்படை ஜெட்கள் இறங்குவதைப் படம் எடுக்கப் போகிறவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விமானப்படை விமானி தரையைத் தொடும் முன் மூக்கை மெல்லத் தூக்கி, வேகத்தைக் கரைத்து, பூப்போலச் சக்கரத்தைப் பதிப்பார். கப்பலில் இறங்கப் பழகிய விமானி அப்படிச் செய்வதில்லை. கப்பலின் மேல்தளத்தில் அவருக்குக் கிடைப்பது, விமானத்தின் வால் கொக்கி மாட்டி நிற்க வேண்டிய மூன்று நான்கு தடுப்புக் கம்பிகள் இருக்கும் துண்டு இடம். மிதந்தால் கம்பி தவறிவிடும். அதனால் ஒரே சரிவு, ஒரே கோணம், மூக்கு ஏற்கனவே தூக்கியபடி நேராக வந்து மோதுவதுபோலப் பதிப்பார். தரையில் இறங்கும்போதும் அதே பழக்கம்தான். கடைசி நொடியில் மூக்கு உயரும், அப்போது எடுக்கலாம் என்று காத்திருந்தீர்களானால் படம் போய்விடும். சக்கரத்திலிருந்து புகை கிளம்பும் அந்த இடத்தை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே இடம்தான்.


மேட்டுப்பாளையம் மாணவன்:

ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் ஒரு வருத்தத்தைச் சொல்லியே ஆக வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் எந்த நாட்டு ஓடுதளத்தையும் இன்று கைபேசியிலேயே பார்க்கலாம். அப்படியிருக்க, விமானத்தை நேசிக்கும் ஒரு மாணவனைத் தடுத்து என்ன பயன்? இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு தளத்தின் வெளியே, பஸ் நிறுத்தத்தில் நின்று மூன்று படம் எடுத்தேன். நான்கு மணி நேரம் உட்கார வைத்தார்கள். அப்பா வந்து எழுதிக் கொடுத்த பிறகுதான் விட்டார்கள். மெமரி கார்டு திரும்பி வரவில்லை. அதில் என் பாட்டியின் கடைசிப் பிறந்தநாள் படங்கள் இருந்தன. அதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

அதே நாட்டில் 2024 ஆகஸ்டில் சூலூரில் தரங் சக்தி பயிற்சிக்கு ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் விமானங்கள் வந்தன. பத்திரிகைக்காரர்களுக்கு அனுமதி கிடைத்தது. எங்களைப் போன்றவர்களுக்கும் ஒரு நாள், ஒரு மேடை ஒதுக்கினால் யாருக்கு என்ன நஷ்டம்?


அரவேணு முன்னாள் கடற்படை:

பாட்டியின் படங்கள் போனது கொடுமை, தம்பி. அதற்கு எந்தச் சட்டத்தையும் சொல்லி நான் சமாதானம் சொல்லமாட்டேன். அந்தக் கார்டைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்திருக்கலாம்.

செயற்கைக்கோள் கேள்விக்கு மட்டும் பதில். ஓடுதளம் எங்கே இருக்கிறது என்பது இரகசியமில்லை. இன்று காலை எத்தனை விமானம் ஏறியது, எந்த எண், இறக்கையின் கீழே எதைத் தொங்கவிட்டிருந்தது, எத்தனை திரும்பி வந்தது, இவைதான் எதிரிக்கு வேண்டியவை. நல்ல லென்ஸில் எடுத்த ஒரு தெளிவான படம் இவ்வளவையும் சொல்லிவிடும். எடுத்த நேரமும் இடமும் அந்தக் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும். நீ எதிரி இல்லை. நீ இணையத்தில் போடும் படத்தை யார் பார்க்கிறார்கள் என்பது உன் கையில் இல்லை.

மேடை வேண்டும் என்கிறாயே, அதில் உன் பக்கம்தான் நான். பொதுமக்கள் வந்து பார்க்க ஒரு நாள் ஒதுக்கட்டும். இளைஞர்கள் அங்கிருந்துதான் படைக்கு வருவார்கள். நானே அப்படி ஒரு நாளில் விமானத்தைத் தொட்டுப் பார்த்துத்தான் சேர்ந்தேன்.


கூடலூர் பறவைநோக்கி:

மாணவருக்கு ஒரு வழி சொல்கிறேன். கடற்படை நாள் செயல்விளக்கம் இப்போது ஆண்டுக்கு ஒரு கடற்கரையில் நடக்கிறது. 2022-இல் விசாகப்பட்டினம், 2023-இல் சிந்துதுர்க், 2024-இல் புரி, 2025-இல் திருவனந்தபுரம் சங்குமுகம். சங்குமுகத்துக்கு நான் போயிருந்தேன். ஆயிரக்கணக்கானோர் கைபேசியைத் தூக்கிப் பிடித்து நின்றார்கள், யாரும் யாரையும் தடுக்கவில்லை. கடற்படையின் மிக்-29கே போர் விமானம் கடல் மேல் தாழ்வாக வந்தபோது என் பக்கத்தில் ஒரு மீனவர் தன் மகனைத் தோளில் தூக்கி வைத்திருந்தார். பையன் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தான். நான் விமானத்தை விட்டுவிட்டு அவனை எடுத்தேன். அந்த ஆண்டு என் நல்ல படம் அதுதான்.


குன்னூர் தேயிலைத்தோட்டம்:

இந்த இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எங்கள் பக்கத்து மக்களுக்கு வானத்தில் இரைச்சல் கேட்டால் 2021 டிசம்பர் 8 நினைவுக்கு வராமல் இருக்காது. சூலூரிலிருந்து வெலிங்டன் ராணுவக் கல்லூரிக்கு வந்த மி-17 ஹெலிகாப்டர் நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர் போனார்கள். தீயை அணைக்கக் குடங்களில் தண்ணீர் கொண்டு ஓடியவர்களும், கருகியவர்களைச் சுற்ற வீட்டிலிருந்த கம்பளிகளை எடுத்துக் கொடுத்தவர்களும் அந்தச் சின்னக் குடியிருப்பின் மக்கள். காட்டேரி அருகே ரயில் பாதையில் நின்றிருந்த சிலர் எடுத்த காணொளியில், ஹெலிகாப்டர் மூடுபனிக்குள் போவது சில நொடி தெரிந்தது. அதை எடுத்தவர் கைபேசியைக் காவல்துறையிடம் ஒப்படைத்தார், அது ஆய்வுக்குப் போனது. எதிர்பாராமல் மாறிய வானிலையால் மேகத்துக்குள் நுழைந்து விமானி திசை உணர்வு இழந்ததே காரணம் என்று விசாரணை பிறகு சொன்னது. இயந்திரக் கோளாறும் இல்லை, சதியும் இல்லை.

படம் எடுப்பவர்களிடம் நான் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் படச்சட்டத்துக்குள் வரும் அந்தச் சாம்பல் நிற இரும்புக்குள் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அந்த எண்ணத்தோடு எடுங்கள். எங்கள் மலையில் பனி இறங்க இரண்டு நிமிடம் போதும் என்பது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.


ஊட்டியிலிருந்து வர்ஜீனியா:

குன்னூர் நண்பர் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் தோன்றவில்லை. நான் பிறந்தது ஊட்டி காந்தல். பதினோரு ஆண்டுகளாக வர்ஜீனியா பீச்சில் இருக்கிறேன். இங்கும் அப்படி ஒரு நாள் உண்டு. 2012 ஏப்ரல் 6, புனித வெள்ளி. ஓஷியானாவிலிருந்து கிளம்பிய ஹார்னெட் ஒன்று அடுக்குமாடிக் குடியிருப்பில் விழுந்து வீடுகள் எரிந்தன. ஒருவரும் இறக்கவில்லை. நான் வருவதற்கு முன்பே நடந்ததுதான், ஆனாலும் அண்டை வீட்டுப் பாட்டி இன்றும் அதைச் சொல்லாமல் ஒரு புனித வெள்ளியையும் கடக்கமாட்டார்.

கோத்தகிரி அண்ணா, உங்களுக்கு வேண்டிய விவரங்கள். ஓஷியானாவில் நான்கு ஓடுதளங்கள். நீளமானது 12,000 அடி, மற்ற மூன்றும் 8,000 அடி. தளத்துக்கு வெளியே ஓஷியானா பூலிவார்டிலும் லண்டன் பிரிட்ஜ் சாலையிலும் பொதுமக்கள் நின்று பார்ப்பதற்கென்றே இடங்கள் இருக்கின்றன. அங்கே நின்று தாராளமாகப் படம் எடுக்கலாம். வேலிக்குப் பக்கத்தில் போகவேண்டாம், எச்சரிக்கைப் பலகை எங்கே இருந்தாலும் நின்று படியுங்கள். பயிற்சி பெரும்பாலும் வார நாட்களில்தான், சனி ஞாயிறு ஏமாற்றும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அதற்கு எதிராகத்தான் விமானம் இறங்கும். காலையில் கொடிக்கம்பத்தைப் பார்த்துவிட்டு எந்த இடம் என்று முடிவு செய்யுங்கள்.

கப்பலில் இறங்குவதற்கான தொடர் பயிற்சியை அவர்கள் செசபீக் பக்கத்தில் இருக்கும் ஃபென்ட்ரஸ் என்ற துணைத்தளத்தில் செய்வார்கள். இறங்கும், தொடும், உடனே எழும், சுற்றி வந்து மறுபடி. இரவு வெகுநேரம் வரை நடக்கும். இந்த ஊரில் வீடு விற்பவர், வீடு எந்த இரைச்சல் மண்டலத்தில் இருக்கிறது என்று வாங்குபவரிடம் எழுத்தில் சொல்லியாக வேண்டும். என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது தூங்கவைத்த ஐந்தாவது நிமிடம் ஜன்னல் கண்ணாடி அதிரும். அழுதுகொண்டே நான் சண்டை போட்டது விமானத்தோடுதான். இப்போது அவளே எண்ணைப் படித்து எந்த அணி என்று சொல்கிறாள். வாலில் இரண்டு எழுத்து இருக்கும், முதல் எழுத்து ஏ என்றால் அட்லாண்டிக் பக்கத்து விமானம்.


அரவேணு முன்னாள் கடற்படை:

வர்ஜீனியாவிலிருந்து எழுதிய பெண் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய ஹார்னெட்டுக்குக் காற்று உறிஞ்சும் வாய் வளைந்து அரைவட்டமாக இருக்கும், சூப்பர் ஹார்னெட்டுக்குச் சதுரமாக, பெட்டிபோல இருக்கும். முன்சக்கரத்தின் முன்னால் ஒரு தண்டு மடிந்திருக்கும். கப்பலில் நீராவி உந்துவிசையோடு விமானத்தைக் கோத்து இழுப்பது அந்தத் தண்டுதான். நம்முடைய மிக்-29கே விமானத்தில் அது கிடையாது. நம் விமானந்தாங்கிக் கப்பல்களான விக்ராந்திலும் விக்ரமாதித்யாவிலும் முனை வளைந்து மேலே ஏறும் தளத்தில் ஓடித்தான் எழும்புகிறது. 2020 ஜனவரி 11-இல் கடற்படைத் தேஜஸ் விக்ரமாதித்யாவில் முதன்முறையாக இறங்கி, மறுநாள் அப்படித்தான் எழுந்தது. அன்று நான் வீட்டில் எல்லோருக்கும் வர்க்கி வாங்கிக் கொடுத்தேன்.


கோத்தகிரி ஒளிப்படக்காரன்:

நன்றி ஐயா, நன்றி தங்கச்சி. சூலூர் எண்ணத்தை விட்டுவிட்டேன். இனி பயிற்சிக்கு என்ன செய்வது?


கூடலூர் பறவைநோக்கி:

நம் மலையை விட நல்ல பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது? பிரிட்டனில் வேல்ஸ் மலைகளில் போர் விமானங்கள் பள்ளத்தாக்குக்குள் தாழ்வாகப் பறக்கும் இடம் ஒன்று உண்டு, மாக் லூப் என்பார்கள். ஒளிப்படக்காரர்கள் சரிவில் ஏறி நின்று விமானத்தின் முதுகை எடுப்பார்கள். உங்களுக்குக் கோடநாட்டில் அதே வசதி இருக்கிறது. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் கருங்கழுகு உங்கள் காலுக்குக் கீழே மிதந்து போகும். அதன் முதுகைப் பின்தொடர்ந்து பழகுங்கள். அது மெதுவானது என்று தோன்றினால், லேம்ப்ஸ் ராக்கில் பாறையை ஒட்டிச் சுற்றும் தகைவிலான்களையும் உழவாரன்களையும் பிடித்துப் பாருங்கள். உழவாரனைக் குவியத்துக்குள் வைத்திருக்கும் கைக்கு ஹார்னெட் பெரிய விஷயமில்லை. பின்னணி கலங்கி விமானம் மட்டும் தெளிவாக வரும் படத்துக்கு, கோத்தகிரி மலைப்பாதையில் ஒரு திருப்பத்தில் பாதுகாப்பாக ஒதுங்கி நின்று, 1/125-இல் பஸ்களை எடுங்கள். இடுப்பிலிருந்து திரும்ப வேண்டும், தோளிலிருந்து அல்ல.


குன்னூர் தேயிலைத்தோட்டம்:

லென்ஸை ஒருமுறை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். இந்த மழைக்காலம் என் லென்ஸ் ஒன்றில் சிலந்திவலைபோலப் பூஞ்சை படர்ந்துவிட்டது. சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகிப் பல வாரம் ஆகியும் நான் கவனிக்கவில்லை. வாணலியில் வறுத்தால் மறுபடி நீலமாகும். இல்லாவிட்டால் மர அலமாரியில் சின்ன குண்டு பல்பு ஒன்றை எரியவிடுங்கள், எங்கள் தாத்தா காலத்திலிருந்து துணிமணிக்குச் செய்ததுதான். இன்னொன்று, குளிர்ந்த லென்ஸோடு கீழே இறங்கினால் பர்லியாறு தாண்டும்போதே கண்ணாடி வியர்க்கும். அங்கே குளிரூட்டிய வீட்டிலிருந்து கடற்கரைக் காற்றுக்குப் போகும்போதும் அதேதான் நடக்கும். பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியே வைத்திருங்கள்.


கோத்தகிரி ஒளிப்படக்காரன்:

நவம்பர் முதல் வாரம். ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். சொன்னபடி எழுதுகிறேன்.

முதல் நாள் 1,100 படம் எடுத்தேன். வைத்துக்கொண்டது ஒன்பது. வால் வெட்டுப்பட்டது, கானல், நான் அதிர்ந்துபோய்க் கேமராவை ஆட்டியது, எல்லாமே நடந்தன. மேலெழும்பும்போது, வால்பக்கம் நெருப்பைக் கூட்டி உந்தும் பின்னெரிப்பான் போட்டார்கள். அந்தச் சத்தம் காதில் விழுவதற்கு முன் நெஞ்செலும்பில் விழுகிறது. இடி விழுந்த மரம்போல நின்றுவிட்டேன், விரல் ஷட்டரில் அழுந்தவே இல்லை.

இரண்டாவது வாரம் கடலிலிருந்து ஈரக் காற்று. வானம் கோத்தகிரி வானம்போலவே இருந்தது. இரண்டு இரண்டாக ஓடுதளத்தின் மேல் வந்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சட்டென்று இடது பக்கம் சாய்ந்து திரும்பின. திரும்பிய நொடியில் கழுத்தை ஒட்டிய இறக்கை மேலே வெள்ளையாக ஒரு போர்வை பூத்து, அடுத்த நொடி காணாமல் போயிற்று. காற்றழுத்தம் குறையும் இடத்தில் ஈரம் பனியாகிறது, அவ்வளவுதான் அறிவியல். எனக்கு அது தெரிந்த பனி. மதியம் மூன்று மணிக்கு எங்கள் பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வருமே, அதே பனி, ஒரு போர் விமானத்தின் தோளில்.

பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு ஒரு பெரியவர் தினமும் உட்கார்ந்திருப்பார். 2006 செப்டம்பர் 22-இல் எஃப்-14 டாம்கேட் போர் விமானம் இதே தளத்தில் ஓய்வுபெற்ற நாளில் தானும் வந்திருந்ததாகச் சொன்னார். அவர் கேமராவே கொண்டுவருவதில்லை. குன்னூர் நண்பர் எழுதியதை அவரிடம் சொன்னேன். தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

கடைசி நாள் எடுத்த இறங்கும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சக்கரம் தரையைத் தொட இன்னும் ஒரு ஆள் உயரம் இருக்கிறது. முன்சக்கரத் தண்டின் மடிப்பு, அதில் ஒட்டியிருக்கும் மசகு, எல்லாம் தெரிகிறது. அதற்கு மேலே, முன்சக்கரக் காலில் சின்னதாக ஒரு விளக்கு, மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறத்தில் எரிகிறது. அரவேணு ஐயா, அது என்ன?


அரவேணு முன்னாள் கடற்படை:

மூன்று நிறம் உண்டு. பச்சை எரிந்தால் வேகம் குறைவு, மூக்கு அதிகமாகத் தூக்கியிருக்கிறது. சிவப்பு எரிந்தால் வேகம் அதிகம். இரண்டுக்கும் நடுவில் இந்த நிறம் எரிந்தால் கோணமும் வேகமும் சரி. கப்பலின் மேல்தளத்தில் நிற்கும் வழிகாட்டும் அதிகாரி அதைப் பார்த்துத்தான் விமானி எப்படி வருகிறார் என்று தெரிந்துகொள்வார். உங்கள் படத்தில் இருப்பவர் சரியாக வந்துகொண்டிருக்கிறார்.

அதை ஒரு பெரிய பிரதி எடுத்து ஞாயிறு கொண்டுவாருங்கள் தம்பி. மூன்று மணிக்கு முன்னால் வந்துவிடுங்கள், அப்புறம் பனி ஏறிவிடும். மேட்டுப்பாளையம் மாணவனும் முதல் பஸ்ஸில் ஏறி வரட்டும், ஹாரியர் பற்றிச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.


மேட்டுப்பாளையம் மாணவன்:

வருகிறேன் ஐயா.